வட்டார ஸ்கேட்டிங் சங்கம்: 2025ஆம் ஆண்டிற்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவிற்கு வந்திருக்கும் உறுப்பினர்கள், பெற்றோர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். இவ்வறிக்கையின் பெரும்பகுதியை ஒரே வீரரின் பயணத்திற்கு ஒதுக்குவதெனச் செயற்குழு முடிவு செய்ததற்குக் காரணம், நம் பயிற்சி முறையில் இவ்வாண்டு செய்த மாற்றம் அவருடைய ஓட்டங்களைப் பார்த்துச் செய்ததே என்பதுதான்.

சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார், 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்தைஹே நகரில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்பில், சீனியர் ஆடவர் 1000 மீட்டர் ஸ்பிரிண்ட்டை 1 நிமிடம் 24.924 விநாடிகளில் முடித்துத் தங்கம் வென்றார். சீனியர் பிரிவில் இந்தியர் ஒருவர் உலக சாம்பியன் ஆனது இதுவே முதல் முறை. செய்தி பரவிய மாலையில், "பனியில் ஓட நம்மூர்ப் பையன் எங்கே பழகினான்?" என்று தளத்து வாசலில் ஒருவர் வியந்து கேட்டார். பிள்ளையை மூன்று ஆண்டுகளாக இன்லைன் (ஒரே வரிசையில் சக்கரங்கள் பூட்டிய ஸ்கேட்) பயிற்சிக்கு அழைத்து வருபவரே இப்படிக் கேட்டதால் இதையும் பதிவு செய்கிறேன்: ஆனந்த்குமார் ஓடுவது சக்கரத்தில். கோடைக்கால ஒலிம்பிக்கில் இந்தச் சக்கர ஓட்டத்திற்கு இடமில்லை. அதனாலேயே இதில் வரும் பதக்கங்கள் நாளிதழின் கடைசிப் பக்கத்து ஓரத்தோடு நின்றுவிடுகின்றன.

அவருடைய பெயரை நாம் முதலில் கவனித்தது 2021இல், கொலம்பியாவின் இபாகே நகரில் நடந்த உலகப் போட்டியின் ஜூனியர் பிரிவில் 15 கிலோமீட்டர் எலிமினேஷன் ஓட்டத்தில் அவர் வெள்ளி வென்றபோது. குறிப்பிட்ட சுற்றுகளில் கோட்டைக் கடைசியாகக் கடப்பவரை வெளியேற்றிக்கொண்டே போகும் ஓட்டம் அது. முன்னால் போனால் காற்றைத் தனியே கிழிக்க வேண்டும், பின்தங்கினால் பெயர் அழிந்துவிடும். நடுவில் இடம் பிடித்து மூச்சைச் சேமிக்கத் தெரிந்தவருக்கே அது கைகூடும்.

2023 அக்டோபர் 2 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 3000 மீட்டர் தொடரோட்டத்தில் அவர் இடம்பெற்ற இந்திய ஆடவர் அணியும், அதே நாளில் மகளிர் அணியும் வெண்கலம் பெற்றன. அந்த ஆடவர் ஓட்டத்தின் காணொளியைச் சங்க அறையில் பிள்ளைகளுக்கு மூன்று முறை திரையிட்டோம். முதலிடத்தில் வந்துகொண்டிருந்த தென்கொரிய வீரர் கோட்டை நெருங்கியதும் நிமிர்ந்து கைகளை உயர்த்துகிறார். பின்னால் வந்த தைவான் வீரர் இடக்காலை முன்னே நீட்டிச் சக்கரத்தைக் கோட்டின் மேல் வைத்துவிடுகிறார். தங்கம் கைமாறியது விநாடியின் நூறில் ஒரு பங்கில். மூன்றாவதாக வந்த நம் அணியின் நேரம் 4 நிமிடம் 10.128 விநாடி. சக்கரத்தின் முன்விளிம்பு கோட்டைத் தொட்ட பிறகே நிமிர வேண்டும் என்று நம் பயிற்சியாளர் தொண்டை வற்றக் கத்தியதெல்லாம் அதுவரை பிள்ளைகளின் காதில் ஏறவில்லை. அந்த ஒரு காட்சிக்குப் பின் ஏறியது.

2025 ஆகஸ்டில் சீனாவின் செங்டு நகரில் நடந்த உலக விளையாட்டுப் போட்டியில் (வேர்ல்டு கேம்ஸ்) 1000 மீட்டரில் 1 நிமிடம் 22.482 விநாடிகளில் அவருக்கு வெண்கலம் கிடைத்தது. அடுத்த மாதமே பெய்தைஹேயில் முதலில் 500 மீட்டரில் 43.072 விநாடிகளில் வெண்கலம், பின்னர் மேற்சொன்ன தங்கம். ஜூனியர் பிரிவின் 1000 மீட்டரில் கிரிஷ் சர்மாவும் தங்கம் வென்றது அதே நாளில்தான். தங்கம் வென்ற நேரம் செங்டுவில் வெண்கலம் தந்த நேரத்தைவிட இரண்டு விநாடிக்கும் மேல் கூடுதல் என்பதைக் கணக்குப் பார்க்கும் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். இவ்வகை ஓட்டத்தில் கடிகாரத்தைவிடப் பக்கத்தில் ஓடுபவரே முக்கியம்.

அதோடு அவர் நிற்கவில்லை. அதே போட்டியின் முடிவில் 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம் வென்றார். இருநூறு மீட்டர் தளத்தில் ஐந்தே சுற்றில் முடியும் ஓட்டத்தையும், சாலையில் ஒரு மணி நேரத்தை ஒட்டி நீளும் ஓட்டத்தையும் ஒரே கால்கள் ஒரே வாரத்தில் வென்றது, என் கணிப்பில், முதல் தங்கத்தைவிடப் பெரிய செய்தி.

நாமோ பத்து வயதுப் பிள்ளையையே 'ஸ்பிரிண்ட்', 'லாங்' என்று பிரித்து வைத்திருந்தோம். அந்தப் பிரிவினையை உருவாக்கியவர்களில் நானும் ஒருவன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அக்டோபர் முதல் அதைக் கைவிட்டு, பதினான்கு வயது வரை அனைவரும் இரு வகைப் பயிற்சியும் செய்ய ஏற்பாடு செய்துள்ளோம். நீண்ட ஓட்டம் கூடியதால் வீல்கள் விரைவில் தேய்கின்றன. உட்புற விளிம்பு ஒரு பக்கமாகச் சரிந்து தேயும் என்பதால், வாரம் ஒரு முறை வீலைக் கழற்றி, முன்னது பின்னதாக இடம் மாற்றி, தேய்ந்த பக்கம் வெளியே வரும்படித் திருப்பிப் பூட்டப் பிள்ளைகளுக்கே கற்றுக்கொடுத்திருக்கிறோம். வீலைக் கழற்றும் ஆலன் கீயைத் தொலைக்கும் வழக்கம் மட்டும் இன்னும் தொடர்கிறது.

நாம் பயன்படுத்தி வரும் சிமெண்ட் தளத்தில் வளைவின் விரிசலைப் பூசித் தருமாறு இடத்தின் பொறுப்பாளர்களுக்கு இரு முறை கடிதம் கொடுத்தும் பதில் வரவில்லை. விரிசல் மேல் பலகை வைத்து ஓடுவது ஆபத்து என்பதால், தொடரோட்டப் பயிற்சியை நேர்ப்பாதையில் மட்டும் நடத்துகிறோம். முன்னவரின் இடுப்பில் கை வைத்துத் தள்ளி, ஓட்டத்தை அவரிடம் ஒப்படைக்கும் மாற்றத்தை அங்கேயே பழகலாம். வளைவில் சாய்ந்து வேகத்தைக் காப்பதை அங்கே பழக முடியாது. வேறு தளம் தேடவும், அதுவரை மாதம் ஒரு முறை பிள்ளைகளைச் வளைவில் சாய்தளம் உள்ள மைதானத்திற்கு அழைத்துச் செல்லும் வாகனச் செலவிற்கும் அனுமதி கோரும் தீர்மானத்தை இவ்வறிக்கையுடன் இணைத்து, பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்