பெட்டியில் 60 வாட், பின்னால் 10 ஆம்பியர் ஃபியூஸ்: கார் ஸ்டீரியோ பற்றி ஒரு புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: காருக்கு வாங்கிய ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவும் ஸ்பீக்கர்களும், உங்கள் ஆள் அவற்றை மாட்டிய விதமும். பணத்தைத் திருப்பித் தரவும், வெட்டிய ஒயரிங்கைச் சரிசெய்து தரவும் கேட்டு.

வணக்கம்.

எனக்கு வீடு கம்பத்தில், கடை குமுளியில். ஏலக்காய், மிளகு, கிராம்பு விற்கிற சின்னக் கடை. காலையில் கூடலூர், லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறினால், கடை அடைத்து இறங்கும்போது இருட்டியிருக்கும். இந்த வழியில் பாட்டோ செய்தியோ இல்லாமல் வண்டி ஓட்டுவது எனக்கு ஆகாது. வண்டியோடு வந்த பழைய செட் நன்றாகத்தான் பாடியது, புளூடூத் மட்டும் கிடையாது. மலையில் போன் வந்தால் பேச முடியவில்லையே என்றுதான் உங்கள் ஆப்பில் 9 இஞ்ச் டச் ஸ்கிரீன் செட், நான்கு கதவுக்கும் ஸ்பீக்கர், ரிவர்ஸ் கேமரா எல்லாம் சேர்ந்த காம்போவை 18,900 ரூபாய்க்கு வாங்கினேன். மாட்டித் தருவதற்கு அதே ஆப்பில் தனியாக 1,200 ரூபாய் கட்டினேன். இந்த 1,200 ரூபாயை மறக்காமல் படியுங்கள், ஏனென்றால் உங்கள் ஆட்கள் எல்லோரும் இதைத்தான் மறந்துவிட்டுப் பேசுகிறார்கள்.

உங்கள் பக்கத்தில் என் கார் மாடலைத் தேர்ந்தெடுத்ததும் "இந்தக் காருக்கான கப்ளர் உண்டு, ஒயர் வெட்ட வேண்டாம்" என்று வந்தது. கப்ளர் என்றால் வண்டியின் ஒயரை வெட்டாமல் செட்டோடு செருகிச் சேர்க்கிற பிளக். நான் வாங்கியதே அந்த ஒரு வரியை நம்பித்தான். வந்த பெட்டியில் கப்ளர் இல்லை. மாட்ட வந்த தம்பியிடம் கேட்டேன், "கம்பெனி அனுப்பல, வெட்டித்தான் போடணும், எல்லா வண்டிக்கும் இப்படித்தான் போடுறோம்" என்றார். அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. கையில் சாமான் கொடுக்காமல், அன்று மாலைக்குள் இன்னும் நாலு வண்டி முடிக்க வேண்டும் என்று விரட்டி அனுப்பினால் யார் வந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். கோபம் முழுக்க அவரை அப்படி அனுப்பிய உங்கள் மேல்தான்.

மாட்டிய வாரத்திலேயே குறைகள் தெரிந்து உங்களுக்கு எழுதிவிட்டேன். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் ஒரு ஊளைச் சத்தம் கூடவே ஏறுகிறது. எஃப்எம் இரைகிறது. கொடைக்கானல் மலையிலிருந்து வரும் கோடை பண்பலை 100.5 கம்பத்தில் ஒழுங்காகக் கிடைக்காத வண்டி உண்டா? எங்கள் ஊரில் டீக்கடை ரேடியோவில்கூடத் தெளிவாகக் கேட்கிற நிலையம், உங்கள் டச் ஸ்கிரீனில் கொரகொரவென்று வருகிறது. சாவியை எடுத்தாலும் செட் அணைவதில்லை, பட்டனை அழுத்தித்தான் திரையை அணைக்க வேண்டும். கேட்டால் "இந்த மாடல் அப்படித்தான்" என்று வாட்ஸப்பில் பதில். அப்புறம் ஒரு கல்யாணத்துக்காக வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு மதுரை போய்வந்து சாவியைத் திருப்பினால் பேட்டரி செத்துக் கிடக்கிறது.

வேறு வழியில்லாமல் கம்பத்தில் எங்களுக்குத் தெரிந்த ஆட்டோ எலெக்ட்ரீசியன் அண்ணனிடம் கொண்டுபோனேன். டேஷ்போர்டு பேனலைக் கழற்றி அவர் செட்டை வெளியே இழுத்தபோது பின்னால் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன், போட்டோக்களும் இணைத்திருக்கிறேன், தயவுசெய்து உங்கள் டெக்னிக்கல் ஆள் யாரிடமாவது காட்டுங்கள்.

கார் கம்பெனி கொடுத்த வெள்ளை கப்ளர் கழுத்தில் வெட்டுப்பட்டுத் தனியாகக் கிடந்தது. மஞ்சள் ஒயர் பேட்டரியிலிருந்து எப்போதும் கரண்ட் வருவது, சிவப்பு ஒயர் சாவி போட்டால் மட்டும் வருவது. இது உங்கள் செட்டின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரிலேயே இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக முறுக்கி மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். அந்த டேப்பும் வெயிலில் இளகி, பசை ஒழுகி, ஒரு பக்கம் செம்பு பளிச்சென்று தெரிந்தது. சாவியை எடுத்துவிட்டு அண்ணன் மீட்டர் வைத்துப் பார்த்தார், அரை ஆம்பியர் போய்க்கொண்டிருந்தது. நிறுத்திய வண்டியில் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். என் வண்டியில் இருப்பது 35 ஆம்பியர்-மணி (Ah) பேட்டரி. அரை ஆம்பியர் இழுத்தால் 70 மணி நேரம், மூன்று நாளைக்குள் பேட்டரி காலி. திரையை அணைத்தாலும் உள்ளே செட் விழித்தே இருந்திருக்கிறது. "மாடல் அப்படித்தான்" என்று நீங்கள் எனக்குச் சொன்ன விஷயம் இதுதான்.

நீல ஒயர் ஆன்டெனாவுக்குக் கரண்ட் கொடுப்பது. என் வண்டியின் ஆன்டெனா அடியில் ஒரு சின்ன பூஸ்டர் உண்டு, அதற்கு 12 வோல்ட் போனால்தான் எஃப்எம் பிடிக்கும். அந்த நீல ஒயர் எதிலும் சேராமல் தொங்கியது. எர்த் ஒயரை பெயின்ட் அடித்த ஒரு தகட்டின் ஸ்க்ரூவில் முறுக்கியிருந்தார்கள், எஞ்சின் ஊளைக்குக் காரணம் அதுதான். அண்ணன் அந்த இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு தெரிய வைத்து முடுக்கியதும் சத்தம் நின்றது. பின் கதவு ஸ்பீக்கர் ஒன்றில் பச்சை ஒயரும் (பிளஸ்) பச்சையில் கறுப்புக் கோடு போட்ட ஒயரும் (மைனஸ்) மாறிக் கிடந்தன. ஒரு ஸ்பீக்கர் வெளியே தள்ளும்போது இன்னொன்று உள்ளே இழுத்தால் பேஸ் எங்கிருந்து வரும்?

எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்தியது ஆரஞ்சு ஒயர். ஹெட்லைட் போட்டதும் திரையின் வெளிச்சத்தைக் குறைப்பது அந்த ஒயர். அதை மடித்து, டேப் போட்டு, மூலையில் செருகிவிட்டார்கள். குமுளி மலைப்பாதையை நீங்கள் இரவில் பார்த்திருக்கிறீர்களா தெரியாது. கொண்டை ஊசி வளைவுகள், மழைக்காலத்தில் மூடுபனி, எதிரே சரக்கு லாரி, கார்த்திகை பிறந்துவிட்டால் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் வேறு. அந்த இருட்டில் கண்ணுக்குப் பக்கத்தில் 9 இஞ்ச் திரை பகல்போல எரிந்தால் வெளியே ரோட்டோரச் சுவர் தெரியாது. நான் திரை மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு இறங்கியிருக்கிறேன். வழி காட்டவும் ரிவர்ஸ் பார்க்கவும் என்று விற்ற திரையை மூடிவிட்டு ஓட்ட வேண்டியிருந்தது என்றால், அந்தப் பொருளுக்கு எதற்குப் பணம்?

சரி, மாட்டியதில்தான் கோளாறு, பொருள் நல்லது என்று நீங்கள் சொல்லலாம். அதையும் பார்த்துவிடுவோம். பெட்டியின் முன்பக்கம் பெரிய எழுத்தில் "4×60 வாட்" என்று இருக்கிறது. மொத்தம் 240 வாட். செட்டின் பின்னால் இருப்பது 10 ஆம்பியர் ஃபியூஸ். எஞ்சின் ஓடும்போது வண்டியில் அதிகபட்சம் 14.4 வோல்ட் என்று வைத்துக்கொண்டாலும் அந்த ஃபியூஸ் வழியாகத் தொடர்ந்து உள்ளே போகக்கூடியது 144 வாட்தான். திரைக்கும், பிராசஸருக்கும், சூடாகி வீணாவதற்கும் சேர்த்துத்தான் இந்த 144. உள்ளே 144 போகிற பெட்டியிலிருந்து வெளியே 240 எப்படி வரும்? 4 ஓம் ஸ்பீக்கருக்கு, தனி ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) வைக்காமல், 14.4 வோல்ட்டில் சத்தம் உடையாமல் சுத்தமாகக் கொடுக்க முடிவது ஒரு ஸ்பீக்கருக்கு 26 வாட்டைத் தாண்டாது. நடைமுறையில் 18லிருந்து 22 வாட். மற்ற கம்பெனி செட்டுகளுக்கும் இதே கணக்குத்தான், அது எனக்குத் தெரியும். ஆனால் நல்ல கம்பெனிகள் உச்ச அளவைப் பெட்டியில் பெரிதாகப் போட்டாலும், தொடர்ந்து கொடுக்கிற ஆர்எம்எஸ் அளவைக் கையேட்டிலாவது தனியாகப் போடுகிறார்கள். உங்கள் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை பார்த்துவிட்டேன், ஆர்எம்எஸ் என்ற எழுத்தே இல்லை.

ஸ்பீக்கரிலும் இதே கதை. வலையின் மேல் "300 வாட்" என்று பளபளக்கிறது, கழற்றிப் பார்த்தால் காந்தத்தின் பின்னால் "35 வாட் ஆர்எம்எஸ்". காந்தத்தின் பின்னால் எழுதியதை வாங்குகிறவர் எப்படிப் பார்ப்பார்? கார் ஸ்பீக்கர் வாங்குகிறவர்களுக்கு உண்மையில் வேண்டியது ஆர்எம்எஸ், ஓம், அப்புறம் எத்தனை டெசிபல் சென்சிட்டிவிட்டி (ஒரே பவருக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) என்ற மூன்றும்தான். தனி ஆம்ப் இல்லாமல் செட்டிலிருந்தே ஓட்டுகிற என்னைப் போன்றவர்களுக்கு டெசிபல்தான் முக்கியம். 88 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 91 டெசிபல் ஸ்பீக்கர் போட்டால், அந்த 3 டெசிபல் வித்தியாசம் செட்டின் பவரை இரண்டு மடங்காக்கியதற்குச் சமம். அதை நீங்கள் எங்குமே போடவில்லை.

செட்டிங்ஸில் "ஆண்ட்ராய்டு 13, 4 ஜிபி" என்று காட்டுகிறது. போனில் எல்லோரும் போடுகிற ஒரு ஹார்டுவேர் தகவல் ஆப்பை அதில் ஏற்றிப் பார்த்தேன், ஏபிஐ (ஆண்ட்ராய்டு பதிப்பைக் காட்டும் உள் எண்) 29, ரேம் 2 ஜிபி. ஏபிஐ 29 என்றால் ஆண்ட்ராய்டு 10. ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன். இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, இது பொய்.

இனி உங்கள் சர்வீஸ். பார்சல் வாங்க வசதியாகக் கடை முகவரி கொடுத்திருந்ததால் பில் குமுளி முகவரிக்கு. அதாவது இடுக்கி மாவட்டம், கேரளா. வண்டி நம்பர் டிஎன் 60. கேரளாவில் இருக்கிற உங்கள் சர்வீஸ் சென்டரைக் கூப்பிட்டால் "தமிழ்நாட்டு வண்டி, மதுரையில கேளுங்க" என்கிறார்கள். மதுரையைக் கூப்பிட்டால் "பில் கேரளா, நாங்க தொட முடியாது சார்" என்கிறார்கள். வண்டன்மேடு ஏலக்காய் ஏலத்துக்குப் போகிறவர்கள், எஸ்டேட் வேலைக்கு ஜீப்பில் ஏறுகிறவர்கள், என்னைப் போல அங்கே கடை வைத்திருப்பவர்கள் என்று எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேர் வீடு இந்த மாநிலத்திலும் வேலை அந்த மாநிலத்திலுமாக இருக்கிறோம். உங்கள் வாரண்டி கார்டில் "இந்தியா முழுவதும்" என்று அச்சடித்திருக்கிறது. செக்போஸ்ட் தாண்டினால் செல்லாது என்று அதில் எங்கும் இல்லை.

கடைசியாக உங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த மெயில்தான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. "வாகனத்தின் மூல ஒயரிங் வெட்டப்பட்டிருப்பதால் வாரண்டி பொருந்தாது" என்று எழுதியிருக்கிறீர்கள். வெட்டியது யார்? உங்கள் ஆப்பில், உங்களுக்குப் பணம் கட்டி, நீங்கள் அனுப்பிய ஆள். உங்கள் ஆள் வெட்டியதற்காக என் வாரண்டி எப்படிப் போகும்? இதற்கு மட்டும் நேரடியாக ஒரு பதில் எழுதுங்கள். கார் கம்பெனி ஷோரூமிலும் விசாரித்துவிட்டேன், ஒயரிங் வெட்டியிருப்பதால் இனி அந்தப் பகுதியில் எலெக்ட்ரிக்கல் கோளாறு வந்தால் வாரண்டியில் பார்க்க மாட்டார்களாம். எக்ஸ்டெண்டட் வாரண்டிக்கு நான் கட்டிய பணத்தில் அந்தப் பங்கும் உங்களால் போயிற்று.

பில்லின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்திருக்கிறீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிகம். நான் முதல் வாரத்திலேயே எழுதிய மெயில் இருக்கிறது. அதே சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி நான் குடியிருக்கிற ஊரிலும் வழக்குப் போடலாம், தொழில் செய்கிற ஊரிலும் போடலாம். தேனி மாவட்டமா இடுக்கி மாவட்டமா என்பதை நான் தேர்ந்தெடுத்துக்கொள்வேன், உங்கள் சர்வீஸ் சென்டர்கள் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. 5 லட்சம் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு இன்னும் நான் கூப்பிடவில்லை, இந்தக் கடிதத்துக்கு வரும் பதிலைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுவேன்.

நான் கேட்பது இதுதான். செட், ஸ்பீக்கர், கேமரா மூன்றையும் எடுத்துக்கொண்டு 18,900 ரூபாயையும் மாட்டிய கூலி 1,200 ரூபாயையும் திருப்பித் தர வேண்டும். வேறு மாடல் தருகிறோம், கூப்பன் தருகிறோம் என்ற பேச்சு வேண்டாம். வெட்டிய கப்ளருக்குப் பதில் கார் கம்பெனியின் அசல் ஒயரிங் வாங்கி, அந்தக் கம்பெனி ஷோரூமிலேயே மாட்டித் தர வேண்டும், செலவு உங்களுடையது. எலெக்ட்ரீசியன் அண்ணனுக்கு நான் கொடுத்த கூலியின் ரசீதும் இணைத்திருக்கிறேன். இதே காம்போவை உங்கள் பக்கத்தில் இன்றும் விற்றுக்கொண்டிருக்கிறீர்கள், அதில் "ஒயர் வெட்ட வேண்டாம்" என்ற வரியும் "4×60 வாட்" என்ற எண்ணும் அப்படியே இருக்கின்றன. இரண்டையும் எடுத்துவிட்டு ஆர்எம்எஸ் அளவைப் போடுங்கள். உங்கள் ஆள் மாட்டிவிட்டுப் போன மற்ற வண்டிகளையும் ஒருமுறை திறந்து பாருங்கள், குறிப்பாக அந்த மஞ்சள், சிவப்பு ஒயர் டேப்பை. செம்பு வெளியே தெரிய டேஷ்போர்டுக்குள் கிடக்கிற பேட்டரி ஒயர் தகட்டில் உரசினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வண்டியை எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். பகலில் குமுளிக் கடையில் இருப்பேன், ஞாயிறு கம்பத்தில் வீட்டில். எந்தப் பக்கத்து சர்வீஸ் சென்டரிலிருந்து ஆள் வந்தாலும் எனக்குச் சம்மதம். வருகிறவர் கையில் கப்ளரும் மீட்டரும் கொடுத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கம்பத்திலிருந்து உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில், மாட்டிய கூலி ரசீது, வாரண்டி கார்டு, ஒயரிங் போட்டோக்கள், ஸ்கிரீன்ஷாட், எலெக்ட்ரீசியன் ரசீது, இதுவரை வந்த மெயில்கள்