விண்மீன் மண்டலப் படங்கள் வர்ணம் பூசியவையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் மாநிலத்து இளைஞர் ஒருவர் எடுத்த ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தின் (கேலக்சி) படத்தைத் தாங்கள் வெளியிட்டிருந்தீர்கள். அதற்குச் சென்ற ஞாயிறு வாசகர் பகுதியில் ஓர் அன்பர், "இதெல்லாம் கணினியில் வர்ணம் பூசியது, தொலைநோக்கியில் பார்த்தால் சாம்பல் புகைதான் தெரியும்" என்று எழுதியிருந்தார். பிற்பாதி உண்மை. முற்பாதிக்குத்தான் இந்தக் கடிதம். கோல கெட்டில் பக்கத்துத் தோட்டமொன்றில் கிராணி (எழுத்தர்) வேலை பார்த்துக்கொண்டு, இரவானால் இதே பைத்தியத்தோடு அலைகிறவன் நான்.

மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணில் வேலை செய்யும் செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. செம்பருத்திகூட நிலா வெளிச்சத்தில் கறுத்துத்தான் தெரிகிறது. அதற்காகப் பூவுக்குச் சிவப்பில்லை என்றாகிவிடுமா? கேமரா நிமிடக்கணக்கில் ஒளியைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், கண்ணால் அது முடியாது. ஆண்ட்ரோமெடாவின் நடுப்பகுதி மஞ்சளாக இருப்பது அங்கே வயதான விண்மீன்கள் நிறைந்திருப்பதால். கரங்கள் நீலமாக இருப்பது இளைய, சூடான விண்மீன்களால். யாரும் ரசனைக்காகத் தேர்ந்தெடுத்த நிறங்கள் அல்ல இவை.

நம் ஊரில் இந்த வேலையின் தொல்லையே தனி. துருவ நட்சத்திரம் இங்கே அடிவானத்துக்கு மேல் ஏறக்குறைய 5.6 டிகிரியில்தான் நிற்கிறது. அதாவது செம்பனை மட்டைகளுக்குப் பின்னால். விண்மீன்கள் நகர்வதற்கு ஈடாகக் கேமராவைச் சுழற்றும் டிராக்கர் கருவியின் அச்சை அந்தத் திசைக்குத்தான் திருப்ப வேண்டும். நட்சத்திரம் கண்ணில் படாததால், இரண்டு மூன்று படம் எடுத்து, அவற்றிலுள்ள விண்மீன்களின் இடத்தை வைத்துக் கணினி கணக்குப் போட்டுச் சொல்லும்படி திருகுகளை நகர்த்துகிறோம். லென்சைப் பனி மூடாமலிருக்க ஒரு சூடேற்றும் பட்டை வேறு. கொடுப்பினையும் உண்டு: ஏராளமான விண்மீன் மண்டலங்கள் கூடியிருக்கும் கன்னிக் கூட்டம், பிப்ரவரி வறட்சியின் பின்னிரவில் ஏறக்குறைய நம் உச்சந்தலைக்கு நேராகப் போகும்.

இரண்டு நிமிடம் திறந்து வைத்து எடுத்த ஒற்றைப் படத்தை அந்த அன்பருக்குக் காட்ட ஆசை. சுங்கைப்பட்டாணிப் பக்கத்து வெளிச்சம் படம் முழுக்கப் பழுப்பாகப் படிந்திருக்கும். நடுவில் ஒரு மங்கல். சுற்றிலும் சிவப்பும் நீலமுமாகப் பொடிப்பொடியாகப் புள்ளிகள். அந்தப் புள்ளிகள் வானத்தில் இல்லை. நம் இரவின் வெக்கையில் கேமராவின் சென்சாரே உண்டாக்குபவை. சென்சாரின் சூடு 6 டிகிரி ஏறினால் இந்தப் புள்ளிகளுக்குக் காரணமான மின் கசிவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆகவே அதே வெக்கையில், லென்ஸ் மூடியைப் போட்டுவிட்டு, அதே இரண்டு நிமிடத்துக்குச் சில இருட்டுப் படங்களும் எடுப்போம். அவற்றில் இருப்பது சென்சாரின் குறை மட்டும், அதைக் கழித்துவிடுவோம். விடிந்ததும் வெள்ளை வேட்டியை மடித்து லென்சின் வாயில் இழுத்துக் கட்டி, வெளிச்ச வானத்தை எடுப்போம். ஓரங்களின் மங்கலும் தூசியின் வளையங்களும் அதில் தெரிந்துவிடும், அவற்றையும் கணக்கில் சரிசெய்யலாம்.

அதற்குப் பிறகுதான் படங்களை அடுக்குவது. விண்மீன் மண்டலத்தின் ஒளி எல்லாப் படத்திலும் அதே இடத்தில் விழும். இரைச்சல், அதாவது ஒழுங்கில்லாத புள்ளிக் கலப்பு, படத்துக்குப் படம் மாறும். 100 படங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும். ஒரே படத்தில் மட்டும் கோடு இழுத்துப் போன செயற்கைக்கோளையும் மென்பொருள் ஒதுக்கிவிடும். இப்படி அடுக்கும் மென்பொருள்களான சிரில், டீப்ஸ்கை ஸ்டாக்கர் இரண்டும் இலவசம். பள்ளிப் பிள்ளைகளும் பழகலாம். பால்மரக் (ரப்பர்) காலத்தில் ஸ்டோரில் பாலை வடிகட்டித்தான் நிறுத்தார்கள். இலைத் துணுக்கும் பட்டைத் தூளும் போனதால் கிராணியே பாலை உண்டாக்கிவிட்டார் என்று யாரும் சொன்னதில்லை.

நிறத்துக்கும் ஓர் அளவுகோல் உண்டு. கையா விண்கலம் அளந்த விண்மீன்களின் நிறப் பட்டியலோடு நம் படத்து விண்மீன்களை ஒப்பிட்டு, சிரில் நிறச் சமநிலையைச் சரிசெய்கிறது. அதற்குமேல் நிறத்தை எவ்வளவு தூக்கிக் காட்டுவது என்பது எடுப்பவர் கையில் இருக்கிறது. சிலர் அளவு மீறுகிறார்கள், மறுக்கவில்லை.

கணினி வந்த பிறகுதான் இந்த வேலையெல்லாம் என்று நினைப்பதும் சரியல்ல. ஐசக் ராபர்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் வானியலர் 1888-இல் நீண்ட நேரம் ஒளியைச் சேர்த்து எடுத்த படத்தில்தான் ஆண்ட்ரோமெடாவின் சுருள் அமைப்பு துலங்கியது. வானியல் புகைப்படக் கலைஞர் டேவிட் மாலின் ஆஸ்திரேலியாவில் இருட்டறையில் ஒளித்தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மங்கிய பகுதிகளைத் துலக்கினார்.

வெறும் பூச்சு வேலையாக இருந்தால் ஆய்வாளர்கள் சீந்துவார்களா? ஜெர்மனியையும் பிரான்சையும் சேர்ந்த அமெச்சூர்கள் (பொழுதுபோக்காக வானை ஆராய்பவர்கள்) நூறு மணி நேரத்துக்கும் மேலான ஒளியைச் சேர்த்து, ஆண்ட்ரோமெடாவுக்குப் பக்கத்தில் அதுவரை யாரும் காணாத ஆக்சிஜன் ஒளி வளைவு ஒன்றைக் கண்டார்கள். 2023 ஜனவரியில் அது ஆய்வுக் குறிப்பாகவே வெளிவந்தது. எம்101 என்ற விண்மீன் மண்டலத்தில் வெடித்த சூப்பர்நோவாவை (வெடித்துச் சிதறும் விண்மீனை) அதே ஆண்டு மே 19-இல் முதலில் அறிவித்தவர் கோய்ச்சி இட்டகாக்கி என்ற ஜப்பானிய அமெச்சூர். அதற்குச் சற்று முன் மற்ற அமெச்சூர்கள் எடுத்து வைத்திருந்த படங்கள், வெடிப்பு எப்போது தொடங்கியது என்று கணிக்க உதவின.

அன்பரின் சந்தேகத்துக்குக் காரணமும் இல்லாமலில்லை. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கிப் படங்களின் நிறம் வேறு கதை. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளிக்கு, நீண்ட அலைக்குச் சிவப்பு, குறுகியதற்கு நீலம் என்று ஒதுக்கிக் காட்டுகிறார்கள். அது வெளிப்படையான ஒதுக்கீடு. செம்பனை வரிசைக்கு மேலே யானை அளவுக்கு ஆண்ட்ரோமெடாவை ஒட்டிப் பகிர்வதோ மோசடி. கூர்மைப்படுத்துவதாகச் சொல்லும் சில செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் இல்லாத நுணுக்கத்தை முளைக்க வைத்துவிடும். அவற்றை நான் நம்புவதில்லை.

ஆகவே ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய படங்களை வெளியிடும்போது எடுத்த இடம், நாள், லென்ஸ், மொத்த ஒளிச்சேர்ப்பு நேரம், பயன்படுத்திய மென்பொருள் ஆகியவற்றையும் கீழே ஒரு வரியில் போடுங்கள். பதப்படுத்தாத ஒற்றைப் படத்தையும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். உண்மையில் எடுத்தவரிடம் அது கட்டாயம் இருக்கும்; பக்கத்தில் சிறிதாகப் போட்டால் வாசகர்களே ஒப்பிட்டுக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோல கெட்டில், கெடா