மாமாவுக்கு ஒரு கடிதம்: ஏன் வேலையை விட்டேன்?

அன்புள்ள மாமாவுக்கு,

"மறுபடியும் வேலையை விட்டுட்டியாமே, எங்கேயும் கால் தரிக்காதா உனக்கு?" என்று கேட்டீர்கள். போனில் பதில் சொன்னால் சண்டையாகிவிடும். அதனால் எழுதுகிறேன். இதே கேள்வியைக் கேட்கும் மற்ற மாமாக்களும் படிக்கட்டும்.

சம்பளத்துக்காகத்தான் போகிறேன் என்று நினைக்கிறீர்கள். பாதி சரி. அப்ரைசலில் ஆறு சதவீதம் சம்பள உயர்வு போட்டுவிட்டு, "பட்ஜெட் இல்லப்பா" என்றார் மேனேஜர். அதே மாதம் புதிதாக வந்தவர், நான் வேலை கற்றுக்கொடுத்தவர், என்னைவிட அதிகம் வாங்குகிறார். காலையில் ராஜினாமா மெயில் அனுப்பினேன். மதியம் கேபினுக்குக் கூப்பிட்டு, முப்பது சதவீதம் ஏற்றித் தருகிறோம் என்றார்கள். இல்லாத பட்ஜெட் சாப்பாட்டு நேரத்துக்குள் எங்கிருந்து முளைத்தது? பணம் இருந்திருக்கிறது, நான் கிளம்பும்வரை தர மனம் வரவில்லை. அதற்கப்புறம் அங்கே எப்படி உட்கார்வது? 2022 ஜூனில் முடிந்த ஓராண்டில் இன்ஃபோசிஸிலிருந்து தாமாக விலகியவர்கள் 28.4 சதவீதம். அத்தனை பேருக்குமா கால் தரிக்கவில்லை?

நீங்கள் வருவாய்த்துறையில் கடைசிவரை இருந்தீர்கள். மேலதிகாரி ஃபைலை முகத்துக்கு நேரே விட்டெறிந்த கதையை நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அன்றைக்கு ஏன் விடவில்லை? ராஜினாமா செய்தால் அதுவரை பார்த்த சர்வீஸும் போச்சு, பென்ஷனும் போச்சு. அதற்கு விசுவாசம் என்று பெயர் வைக்காதீர்கள் மாமா. 2003 ஏப்ரல் 1 முதல் தமிழக அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கு அந்தப் பழைய பென்ஷன் திட்டமும் கிடையாது. மேஜை டிராயரில் குரூப் 2 புத்தகத்தை வைத்துக்கொண்டு, எப்போது இந்த சீட்டை விட்டுப் போகலாம் என்று இருந்த பையன்களைப் பற்றி அலுத்துக்கொண்டதும் நீங்கள்தான். பி.எஸ்.என்.எல்.லில் விருப்ப ஓய்வு கொடுத்தபோது, 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் 78,000 பேருக்கு மேல் வெளியேறினார்கள். கையில் ஒரு தொகையும் கொடுத்து வழியும் விட்டால் அங்கேயும் போகத்தான் செய்கிறார்கள்.

என்னைப் பிடித்து வைக்க என்ன இருக்கிறது? பி.எஃப். கணக்கைப் புது ஆபீஸுக்கு மாற்றிக்கொள்ளலாம். வேலையை விடும்போது மொத்தமாகக் கிடைக்கும் கிராஜுவிட்டிக்கு ஐந்து வருஷம் வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்ததால், அது முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டுத்தான் எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த மாதம் புது இடத்தில் சேர்கிறேன். அத்தையிடம் பக்குவமாக நீங்களே சொல்லிவிடுங்கள். பெண் வீட்டார் யாராவது விசாரித்தால், "ஐ.டி.யில் இருக்கான்" என்று மட்டும் சொன்னால் போதும்.

அன்புடன்,
உங்கள் மருமகன்