சிப்பாய் மார்ட்டினுக்குத் தீர்க்கப்படாத கணக்கு: அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சுதந்திரப் பிரகடனத்தின் 250-ஆம் ஆண்டை முன்னிட்டு உங்கள் அவையில் ஆற்றப்படும் உரைகளில் வாஷிங்டன், ஹாமில்டன், நாக்ஸ் ஆகிய படைத்தலைவர்களின் பெயர்கள் இடம்பெறுவதில் எனக்கு மறுப்பேதும் இல்லை. அவர்களுடைய கட்டளைகளைத் தன் கால்களாலும் கைகளாலும் நிறைவேற்றிய ஜோசப் பிளம் மார்ட்டின் என்ற சிப்பாயின் பெயரையும், அவரைப் போன்றவர்களுக்கு உங்கள் அவையின் முன்னோடியான கான்டினென்டல் காங்கிரஸ் கொடுத்து நிறைவேற்றாமல் விட்ட வாக்கையும் அவைக் குறிப்பில் ஏற்ற வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

மார்ட்டின் 1760-இல் மாசசூசெட்ஸில் ஒரு மதகுருவின் மகனாகப் பிறந்து, கனெக்டிகட்டின் மில்ஃபோர்டில் தாய்வழித் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். 1776 கோடையில், பதினாறு வயதுகூட நிரம்பாத நிலையில், பிரிட்டனுக்கு எதிரான விடுதலைப் போரில் ஆறு மாதத் தவணைக்குப் படையில் பெயர் கொடுத்தார். புரூக்ளினில் தோல்வியைக் கண்டார். கிப்ஸ் விரிகுடாவில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் குண்டுமழை பொழிந்தபோது பள்ளத்தில் பதுங்கி உயிர் தப்பினார். ஒயிட் ப்ளெயின்ஸிலும் போரிட்டார். தவணை முடிந்து வீடு திரும்பியவர், 1777 ஏப்ரலில் போர் முடியும்வரை பணியாற்றுவதாக ஒப்பமிட்டு எட்டாவது கனெக்டிகட் ரெஜிமென்டில் மீண்டும் சேர்ந்தார். சாதாரணச் சிப்பாய்க்கு மாதச் சம்பளம் ஆறு டாலரும் இன்னொரு டாலரில் மூன்றில் இரண்டு பங்கும். போர் முடிந்ததும் 100 ஏக்கர் நிலம். காங்கிரஸ் தன் பக்கத்தில் கொடுத்த வாக்கு இது.

அவர் தன் பக்கத்தில் கொடுத்ததைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். பிலடெல்பியா விமான நிலையத்தை ஒட்டி டெலவேர் ஆற்றங்கரையில் இருக்கும் மிஃப்லின் கோட்டைக்கு நான் சென்றிருக்கிறேன். 1777 நவம்பரில் அந்தச் சேற்றுத் தீவில் மார்ட்டின் இரண்டு வாரம் இருந்தார். படுத்து உறங்கக் காய்ந்த தரை கிடையாது. கோட்டையில் முப்பத்திரண்டு பவுண்டு குண்டு எறியும் பீரங்கி ஒன்று இருந்தது, ஆனால் அதற்குக் குண்டு இல்லை. எதிரியிடமும் அதே அளவுப் பீரங்கி இருந்ததால், அவன் எறிந்த குண்டைப் பொறுக்கிக் கொண்டுவருபவருக்குச் சிறிதளவு ரம் தருவதாக அதிகாரிகள் அறிவித்தார்கள். இருபது, ஐம்பது பேர் திடலில் காத்து நின்று, விழுந்த குண்டு உருண்டு நிற்பதற்கு முன்பே அதன் பின்னால் ஓடினார்கள் என்று மார்ட்டின் எழுதியிருக்கிறார். அந்தத் திடலில் நின்றபோது, குளிரில் விறைத்த இளைஞர்கள் ஒரு மிடறு சாராயத்துக்காக இரும்புக் குண்டைத் துரத்திய அக்காட்சி என் கண்ணை விட்டு அகலவில்லை.

அடுத்த மாதம், பிரிட்டிஷாரைச் சரடோகாவில் வென்றதற்காகக் காங்கிரஸ் அறிவித்த நன்றியறிதல் நாளில், பட்டினி கிடந்த அப்படைக்குக் கிடைத்த விருந்து ஆளுக்கு அரை ஜில் அரிசியும் ஒரு மேசைக்கரண்டி வினிகரும். நம் வீட்டு அளவில் அந்த அரிசி அரை ஆழாக்குக்கும் குறைவு. செருப்பில்லாத மார்ட்டின் பதப்படுத்தாத மாட்டுத்தோலைக் காலில் கட்டிக்கொண்டார். அதன் விளிம்பு கணுக்காலை அறுத்தது. அதுவும் இல்லாத நூற்றுக்கணக்கானோர் நடந்த உறைந்த தரையில் இரத்தத் தடம் பதிந்தது. 1780 ஜனவரியில் மோரிஸ்டவுனில் பனி மூடியபோது, நான்கு பகலும் நான்கு இரவும் ஒரு குச்சியிலிருந்து கடித்த பிர்ச் மரப்பட்டையைத் தவிர அவர் வாயில் எதுவும் படவில்லை. பழைய காலணியைச் சுட்டுத் தின்றவர்களையும் அவர் பார்த்தார். அவ்வாண்டு மே மாதம் கனெக்டிகட் படையினர் பசி தாளாமல் கலகம் செய்தார்கள். அதைக் கட்டுப்பாட்டுக் குறைவு என்று எழுதுபவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. அத்தனை நாள் பொறுத்திருந்ததுதான் கட்டுப்பாடு.

பின்னர் அகழி வெட்டும் சுரங்கப் படைப்பிரிவுக்கு மாற்றப்பட்டுச் சார்ஜென்ட் ஆன மார்ட்டின், 1781 அக்டோபர் 14 இரவு யார்க்டவுனில் பிரிட்டிஷாரின் பத்தாம் எண் காவலரணைத் தாக்கியபோது, கூராகச் சீவி நிறுத்தியிருந்த மரக்கிளை வேலியைக் கோடரியால் வெட்டி வழி திறந்தவர்களில் ஒருவர். அத்தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய ஹாமில்டனை உலகம் அறியும். ஐந்து நாளில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸின் படை சரணடைந்தது. பின்னாளில் சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் இரு மகன்களைப் பிணையாகப் பெற்றவர் என்று எங்கள் பள்ளிப் பாடங்களில் நாங்கள் படித்த அதே கார்ன்வாலிஸ்தான் அவர்.

யார்க்டவுனுக்குப் போகும் வழியில் மார்ட்டினுக்கு ஒரு மாதச் சம்பளம் உலோக நாணயமாகக் கிடைத்தது. அதுவும் பிரெஞ்சுப் படையிடம் கடன் வாங்கியது என்று அவருக்குச் சொல்லப்பட்டது. 1776-க்குப் பின் பணம் என்று சொல்லத்தக்க சம்பளம் தனக்குக் கிடைத்தது அந்த ஒரே முறைதான் என்று அவர் பதிவு செய்திருக்கிறார். இடையில் கிடைத்த காகிதப் பணத்தின் மதிப்பை 1780-இல் காங்கிரஸே நாற்பதில் ஒன்றாகக் குறைத்துவிட்டது. 1783-இல் விடுவிக்கப்பட்டபோது கையில் கொடுக்கப்பட்டவை கடன் பத்திரங்கள். உடுத்த நல்ல துணி வேண்டி அவற்றில் சிலவற்றை அவர் விற்றார். அதே ஆண்டு அதிகாரிகளுக்கு ஐந்தாண்டு முழுச் சம்பளத்தைக் காங்கிரஸ் ஒப்புக்கொண்டது.

நிலத்தின் கதை இதைவிடக் கசப்பானது. மேய்ச்சல் நிலத்தைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் துரத்திவிடப்பட்ட கிழக்குதிரைகளுக்குத் தன் தோழர்களை அவர் ஒப்பிட்டார். மெய்ன் பகுதிக்குப் போய்க் காடு திருத்திக் குடியேறிய நிலத்துக்கும், தன் மனைவி வழிவந்த பட்டயத்தைக் காட்டி உரிமை கொண்டாடினார் ஒருவர். அவர் முன்னாள் படைத்தளபதியும் போர்த்துறைச் செயலருமான ஹென்றி நாக்ஸ். 100 ஏக்கருக்கு 170 டாலர் என விலை வைக்கப்பட்டது. அதை மார்ட்டினால் கட்ட முடியவில்லை. 1818-இல் ஏழைப் போர்வீரர்களுக்கான ஓய்வூதியச் சட்டம் வந்த பிறகே அவருக்கு ஆண்டுக்கு 96 டாலர் கிடைத்தது. அதற்கும் தன் வறுமையை நீதிமன்றத்தில் சத்தியம் செய்து மெய்ப்பிக்க வேண்டியிருந்தது: இரண்டு பசு, ஆறு ஆடு, ஒரு பன்றி; உழைக்க முடியாத உடல்; நோயாளி மனைவி; பிள்ளைகள். 1830-இல் தன் நினைவுகளைப் பெயர் போடாமல் அச்சிட்டார்.

உறுப்பினர்களே, வரலாற்றுக் கடனுக்கு வட்டி போட்டுப் பணம் கேட்பது என் நோக்கமன்று. கான்டினென்டல் படையின் சாதாரணச் சிப்பாய்களுக்கு வாக்களித்த சம்பளமும் நிலமும் முறையாகக் கொடுக்கப்படவில்லை என்பதை இரு அவைகளும் ஒரு தீர்மானமாக நிறைவேற்றுங்கள். மார்ட்டினின் ஓய்வூதிய வாக்குமூலத்தை அத்தீர்மானத்தோடு முழுமையாக இணைத்து, அந்த இரண்டு பசுவும் ஆறு ஆடும் அடங்கிய பட்டியல் ஒரு வரியும் விடாமல் அவையில் உரக்கப் படிக்கப்படச் செய்யுங்கள். அதற்குப் பதினைந்து நிமிடம் போதும்.

1850 மே மாதம், எண்பத்தொன்பது வயதில் இறந்த அவருடைய கல்லறையில் ‘புரட்சிப் போரின் சிப்பாய்’ என்று பொறித்திருக்கிறது. அந்தக் கல்லை நட்டது காங்கிரஸ் அல்ல.

இப்படிக்கு,
இந்நாட்டில் வாக்குரிமை பெற்ற ஒரு தமிழ்க் குடிமகள்