நாலில் ஒன்றைத் தொட்டால் எஸ்க்யூஎல் தெரிந்துவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, பேரேட்டிலிருந்து கணினிப் பிரிவுக்கு மாற்றப்பட்டு, கடைசிப் பதினைந்து ஆண்டுகள் தரவுத்தளத்தோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவள் நான். தரவுத்தளத்திடம் தகவலைக் கேட்டுப் பெறும் மொழிதான் எஸ்க்யூஎல் (SQL). வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் இந்தக் காலத்தில் அந்த அறிவைச் சோதிக்கும் விதம் எனக்குப் பிடிபடவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் குடியிருப்பின் இரண்டாவது மாடிப் பையன் பொறியியல் முடித்தவன். பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு நிறுவனத்தின் தேர்வை எழுதிவிட்டு வந்தான். 45 நிமிடம், 60 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். 52 சரி. வீட்டில் கேசரி கிண்டினார்கள், எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது.

என்ன கேட்டார்கள் என்றேன். உறவுசார் தரவுத்தளக் கோட்பாட்டை 1970-இல் முன்வைத்தவர் யார்? எட்கர் காட். எஸ்க்யூஎல் என்பதன் விரிவு என்ன? மூன்றாம் இயல்பு வடிவத்தின் இலக்கணம் எது? மதிப்பு இல்லாத இடத்தைக் குறிக்கும் 'நல்' (NULL) என்பது பூஜ்யத்துக்குச் சமமா? மூச்சு விடாமல் ஒப்பித்தான்.

எங்கள் சங்கத்தின் பராமரிப்புக் கணக்கு என் கணினியில்தான் இருக்கிறது. ஓர் அட்டவணையில் 24 வீடுகளின் எண்கள். இன்னொன்றில் டிசம்பர் மாத வரவுகள், மொத்தம் 20. "யார் இன்னும் பணம் கட்டவில்லை, எடுத்துக் கொடு" என்றேன். வரவுப் பட்டியலில் இல்லாத வீட்டு எண்கள் எவை என்று 'நாட் இன்' (NOT IN) போட்டு இரண்டே நிமிடத்தில் வினவல், அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி, எழுதிவிட்டான். திரையில் ஒரு வரிகூட வரவில்லை. "எல்லோரும் கட்டிவிட்டார்கள், ஆண்ட்டி" என்றான். வீடு 24, வரவு 20! காய்கறிக்காரம்மா கூட அதை ஏற்றுக்கொள்ள மாட்டார்.

காரணம் இதுதான். யாரோ கைபேசியில் பணம் அனுப்பும்போது வீட்டு எண்ணைக் குறிப்பிடவில்லை. அந்த ஒரு வரியில் வீட்டு எண் 'நல்'. அதற்கு 'தெரியாது' என்று பொருள். 7-ஆம் எண் வீடு வரவுப் பட்டியலில் இல்லையா என்று கேட்டால், அந்தத் தெரியாத எண் 7 ஆகவும் இருக்கலாமே என்று தரவுத்தளம் தயங்குகிறது. 'ஆம்' என்று உறுதியாகத் தெரிந்த வரியை மட்டுமே அது காட்டும். ஆகவே எந்த வீடும் தேறவில்லை. பிழைச்செய்தி கிடையாது, சிவப்பு விளக்கு கிடையாது. இதையே 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' (NOT EXISTS) என்று, அதாவது 'இந்த வீட்டு எண்ணோடு பொருந்தும் வரவு ஒன்றுகூட இல்லையா' என்று எழுதியிருந்தால் பட்டியல் வந்திருக்கும். நல் பற்றிய கேள்விக்கு அவன் தேர்வில் சரியான விடையைத்தான் தொட்டிருக்கிறான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பேரேடு எழுதிய நாளில் கணக்கு எண் இல்லாமல் பணம் வந்தால் அதைச் சஸ்பென்ஸ் கணக்கில் போடுவோம். ஆள் யாரென்று தெரியும்வரை மேலாளர் எங்களை வீட்டுக்குப் போக விடமாட்டார். நல் என்ற சொல்லைக் கேள்விப்படும் முன்பே எனக்கு அதன் குணம் தெரிந்தது அப்படித்தான்.

மயிலாப்பூரில் நான் தட்டச்சுத் தேர்வு எழுதியபோது, தட்டச்சுப் பொறியைக் கண்டுபிடித்தவர் யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. இயந்திரத்தின் முன் உட்கார வைத்தார்கள், மணி அடித்தது, அடித்தோம். எஸ்க்யூஎல்லுக்கும் அப்படி ஒரு தேர்வு வைத்தால் என்ன? செலவு என்று சொல்ல முடியாது. எஸ்க்யூலைட் (SQLite) என்ற தரவுத்தள மென்பொருள் இலவசம், முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பில் அடங்கிவிடும், கல்லூரி ஆய்வகத்தின் பழைய கணினியிலும் ஓடும். கொஞ்சம் அழுக்கான அட்டவணை இரண்டைக் கொடுங்கள்; ஒரு பெயர் இருமுறை, ஒரு தேதி விடுபட்டது என்று இருக்கட்டும். நான்கு கேள்விகள், ஒரு மணி நேரம், புத்தகம் பார்க்கலாம். எழுதிய விடை சரியென்று எப்படித் தெரிந்தது என்பதையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஆயிரக்கணக்கானோரின் தாளை யார் திருத்துவது என்று கேட்பார்கள். வினவல் தரும் விடையைச் சரிபார்க்கக் கணினியே போதும். அந்த ஒரு வரியை மட்டும் மனிதர் படிக்க வேண்டியிருக்கும். முதல் சுற்றில் தேறியவர்களுடையதைப் படித்தால் போதுமே.

1974-இல் ஐபிஎம் ஆய்வாளர்களான சேம்பர்லினும் பாய்ஸும் இந்த மொழியை வெளியிட்டபோது, நிரல் எழுதப் பயிலாதவர்களும் தரவைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதே அவர்கள் எண்ணம். அதை மனப்பாடச் செய்யுள் ஆக்கிய பெருமை நம்முடையது. (தி.நகரில் 500 கேள்வி–பதில் அடங்கிய நகலெடுத்த கட்டு ஒன்றை வாங்கியே பையன் தயாரானானாம்.)

அவனைக் குறை சொல்ல மாட்டேன். நாட் எக்ஸிஸ்ட்ஸ் போட்டுத் திருத்தியதும் ஐந்து வீடுகள் வந்தன. நான் காபி கலந்து எடுத்துவருவதற்குள், "24-இல் 20 போனால் நான்குதானே? ஐந்து எப்படி வரும்? எண் இல்லாத அந்தப் பணம் யாருடையது?" என்று அவனாகவே கேட்டான். இந்தக் கேள்விக்கு அந்த 60-இல் இடமே இல்லை.

ஐந்தாவதாக வந்தது 11-ஆம் எண் வீடு. என் வீடுதான். கைபேசியில் பணம் அனுப்பும்போது எண்ணைப் போட மறந்தவள் நானே. செயலாளரிடம் சொல்லித் திருத்திவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
நங்கநல்லூர், சென்னை.