ஒரு பவுன் ஈயம்: என் நாட் விமானத்துக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

ஒன்றரை வருடமாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பாதியைப் பிடித்து வைத்திருந்த பிளாஸ்டிக் பொம்மை விமானம் போன ஞாயிற்றுக்கிழமை ஷோகேஸுக்குள் ஏறிவிட்டது. மூன்று சக்கரமும் தரையில் பட நிற்கிறது. இது பெரிய விஷயமா என்று கேட்பவர்கள் பின்னால் வரும் பத்தர் ஐயா கதையைப் படிக்கவும்.

முதலில், என்ன விமானம் என்று சொல்லிவிடுகிறேன். நாட். 1955-ல் இங்கிலாந்தில் முதலில் பறந்தது, அப்புறம் பெங்களூரில் நம் ஆட்களே கட்டியது. பெயரே கொசு ஜாதிப் பூச்சியின் பெயர்தான். நிஜ விமானமே இறக்கை முனைக்கு முனை ஏழு மீட்டர் கூடக் கிடையாது. நான் கட்டியது அதில் 48-ல் ஒரு பங்கு, அதாவது 14 சென்டிமீட்டர். இந்தப் பொடி விமானம்தான் 1965 போரில் பாகிஸ்தானின் சேபர் போர் விமானங்களை விரட்டியது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானத்தில் நிர்மல்ஜித் சிங் செகோன் கடைசியாக ஓட்டியதும் இதைத்தான். பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே விமானப்படைக்காரர் அவர். சிங்கப்பூரில் இருக்கும் மச்சினன் யாரிடமோ இதன் பாகங்கள் அடங்கிய பழைய பெட்டியை வாங்கி அனுப்பியபோது, மதுரை அவனியாபுரத்தில் தலைக்கு மேல் விமானம் போனால் இன்னும் மாடிக்கு ஓடுகிற எனக்குக் கை சும்மா இருக்கவில்லை.

நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவன். பிளாஸ்டிக்கை ஒட்டிப் பழக்கமில்லை. முதல் வாரமே விமானி உட்காரும் இடத்துக் கண்ணாடி மூடிக்குப் பக்கத்தில் சூப்பர் குளூவை வைத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் மூடி முழுக்க வெள்ளைப் படலம், கண்ணில் புரை விழுந்த மாதிரி. அந்தப் பசையின் ஆவி படிந்தால் அப்படித்தான் ஆகுமாம். மூக்குக்கண்ணாடிக் கடைத் தம்பி பற்பசையை மெல்லிய துணியில் தொட்டு, உள்ளும் புறமும் அரை மணி நேரம் தேய்த்துத் தெளிய வைத்தார். "இனி இதுக்கு ஃபெவிகால் போதும் சார், காய்ஞ்சா தெரியாது" என்று சொல்லி அனுப்பினார். காசு வாங்கவில்லை. நன்றி தம்பி.

டிங்கர் பட்டறை அண்ணனுக்கு நான் பட்டிருக்கும் கடனை எப்படித் தீர்ப்பது என்று தெரியவில்லை. 1965-ல் இருந்த மாதிரி வெள்ளி நிறம் அடிக்கலாம் என்று ஆசை. ஆனால் வெள்ளிப் பெயின்ட் ஒன்றையும் மறைக்காது. ஒட்டிய கோடு, கீறல், விரல் ரேகை எல்லாவற்றையும் ஊருக்குக் காட்டும். இறக்கையும் உடம்பும் சேருமிடத்தில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. நான் பட்டியை அப்பியிருந்த லட்சணத்தைப் பார்த்து அண்ணன் சிரிக்கக்கூட இல்லை. "மெல்லிசா இழுங்க, காயட்டும், தேய்ங்க, மறுபடி இழுங்க. ஒரே அடியா அப்பினா இறங்கிரும்." 400-ம் நம்பர் வாட்டர் பேப்பரில் ஆரம்பித்து, 800, அப்புறம் 1000. தண்ணீர் தொட்டுத் தொட்டு. தேய்த்து முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். பிறகு கார் கதவுக்குச் செய்வது போலவே லேசாகக் கறுப்பைத் தூவிவிட்டு மறுபடி தேய்த்தார். பள்ளம் இருந்த இடத்தில் மட்டும் கறுப்பு அப்படியே நின்றது. எனக்கு அது மந்திரம் மாதிரி இருந்தது. நான்கு தடவை அவரிடம் போனேன். நான்காவது தடவை கம்ப்ரசரைக் குறைத்து வைத்து, வெள்ளியை அவரே அடித்துக் கொடுத்தார். காற்றில் ஈரம் இருக்கிறது என்று அதற்கும் ஐப்பசி மழை விடும்வரை பத்து நாள் காக்க வைத்தார்.

நடுவில் பத்தர் ஐயா. உடம்பின் இரண்டு பாதியையும் ஒட்டி, பட்டி போட்டு, தேய்த்து முடித்த பிறகு சக்கரங்களை வைத்து நிறுத்திப் பார்க்கிறேன், வால் தரையில், மூக்கு வானத்தில். மூக்கில் பாரம் வைக்கச் சொல்லி விளக்கத் தாளில் படமே போட்டிருந்தார்கள். நான்தான் கவனிக்கவில்லை. அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் தெற்காவணி மூல வீதிப் பக்கத்துப் பட்டறைக்கு விமானத்தை டிபன் பாக்ஸில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனேன். ஐயா தூண்டில் ஈயத்தை நறுக்கி, மூக்கின் மேல் ஒவ்வொன்றாக ஏற்றினார். வால் எழுந்ததும் ஈயத்தை எடுத்து அப்படியே தராசில் போட்டார். ஏழரை கிராமுக்குக் கொஞ்சம் மேல். "ஒரு பவுன்னு வச்சுக்கப்பா, செய்கூலி சேதாரம் இல்லாம!" என்றார். பட்டறையே சிரித்தது.

முன்சக்கரம் மடங்கும் குழிக்குள், வெளியே தெரியாத இடமாகப் பார்த்துத் துளையிட்டார். நான் ஃபெவிகாலை நீட்டினேன், பிறகு நானே இழுத்துக்கொண்டேன். ஈயத்தோடு வெள்ளைப் பசை சேர்ந்தால் வருடக்கணக்கில் ஈயம் பொரிந்து வீங்கி மூக்கைப் பிளந்துவிடும் என்று எங்கோ படித்தது நல்ல வேளையாக நினைவுக்கு வந்தது. அரால்டைட் போட்டு அடைத்தோம். போகும்போது இன்னொன்றும் சொன்னார்: மேஜை விளிம்பிலிருந்து இடுப்புவரை ஒரு துணி கட்டிக்கொண்டு உட்கார். பொன் தூள் சிந்தாமலிருக்க அவர்கள் செய்வது. அதற்கு முந்தின மாதம் சக்கரக் கதவு ஒன்று கீழே விழுந்து, என் வீட்டம்மா குப்பையை மாவுச் சல்லடையில் சலித்துக் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தார். அவருக்கு என் நன்றியைவிட மேஜைதான் முக்கியம். மேஜையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பெட்டியிலிருந்த ஸ்டிக்கர்கள் மஞ்சளாகி, தண்ணீரில் போட்டதும் தூளாகிவிட்டன. ரேடியம் கடைத் தம்பி, வண்டி நம்பர் வெட்டும் மெஷினில், விமானப்படையின் மூவண்ண வட்டச் சின்னத்தை மறைத்து வைத்து அடிக்க, விரல்நகம் அளவு வட்டங்களை வெட்டிக் கொடுத்தார். ஒட்டும் முன் சட்டையில் ஒரு தடவை ஒட்டி எடுத்தால் பசையின் பிடி குறையும், அடியில் இருக்கும் வெள்ளி உரிந்து வராது என்பது அவர் சொன்ன யோசனை. அது பலித்தது. ஆனால் நான் சின்னத்தில் பச்சையை வெளி வட்டத்தில் அடித்துத் தொலைத்தேன். ஏர்ஃபோர்ஸில் நாட் விமானங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சார் பார்த்துவிட்டு, "ஐயோ தம்பி, காவி வெளியே, பச்சை நடுவுல!" என்று தலையில் கை வைத்தார். திரும்ப அடித்தேன். சக்கரக் கதவுகளின் சாய்வையும் அவர்தான் திருத்தினார். நாட் விமானத்தில் வேகத்தைக் குறைக்கச் சக்கரங்களைப் பாதி இறக்குவார்களாம், தனியாக பிரேக் பலகை கிடையாதாம். ஏணி இல்லாமலே இறக்கை மேல் சாய்ந்து வேலை பார்த்த கதைகளைச் சொல்லிக்கொண்டே இரண்டு டம்ளர் காபி குடித்தார். அந்தச் சாயங்காலத்துக்காகவே தனியாக ஒரு நன்றி.

கடைசியாக விளாச்சேரி அக்கா. கொலு பொம்மைக்கு முகம் எழுதுகிறவர். விமானி பொம்மையின் முகம் பாசிப்பயறு அளவுதான். நான் வைத்த கண்ணில் அவர் பேயறைந்தவர் மாதிரி முழித்துக்கொண்டிருந்தார். அக்கா அதை அழித்துவிட்டு, மற்றதெல்லாம் முடியட்டும் என்று ஓரமாக வைத்துவிட்டார். அங்கே கண் திறப்பது எப்போதும் கடைசியில்தான். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டே கோடு. புள்ளி வைக்கவேயில்லை. இப்போது விமானி தூரத்தில் எதையோ பார்க்கிறார்.

இடது பக்கச் சக்கரம் இன்னும் கொஞ்சம் கோணல். ஏர்ஃபோர்ஸ் சாருக்குத் தெரியும், நீங்களும் வந்து பாருங்கள். டிங்கர் அண்ணே, உங்கள் 1000-ம் நம்பர் பேப்பர் மூன்று தாள் என்னிடம் மிச்சம் இருக்கிறது. சனிக்கிழமை கொண்டுவந்து தருகிறேன்.

உங்கள்,
அவனியாபுரத்துக் கணக்குப்பிள்ளை