மீட்கப்பட்டவரின் மறுவாழ்வை முதலாளியின் தண்டனையோடு முடிச்சுப் போடாதீர்கள்

ஒன்றியத் தொழிலாளர், வேலைவாய்ப்பு அமைச்சகத்தின் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். கொத்தடிமைத் தொழிலாளர் மறுவாழ்வுத் திட்டத்தை வகுத்தவர்கள் நீங்கள். அதன் விதிகளை உங்களுக்கு விளக்குவதற்காக இந்த மடலை எழுதவில்லை. அந்த விதிகளில் ஒன்று எனக்குத் தெரிந்த ஓர் இருளர் பழங்குடிக் குடும்பத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது என்று சொல்லவும், அதை நீக்குங்கள் என்று கேட்கவுமே எழுதுகிறேன்.

வட தமிழ்நாட்டில் மீட்கப்பட்ட குடும்பங்களோடு அலுவலகங்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் போய்வருபவள் நான். அந்தப் பெண்ணை அப்படித்தான் தெரியும். பெயரும் ஊரும் வேண்டாம். பொங்கல் கழிந்ததும் மேஸ்திரி கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு, கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் செங்கல் சூளைக்குப் போனவர். நள்ளிரவு தாண்டியதும் எழுந்து மண் மிதிக்க வேண்டும்; வெயில் ஏறும்வரை கல் அறுக்க வேண்டும். வாரம் ஒருமுறை அரிசி வாங்கும் அளவுக்குக் கையில் காசு. மற்றதெல்லாம் முதலாளியின் நோட்டில் கழிவதாகப் பேச்சு. அந்த நோட்டில் இருந்த கடன் மட்டும் ஒரு பருவத்திலும் குறையவில்லை. மாமியார் இறந்த செய்தி வந்தபோது, பிள்ளைகள் இரண்டையும் சூளையிலேயே விட்டுவிட்டுச் சாவுக்குப் போய்வரச் சொன்னார்கள். அடக்கம் முடிந்த அன்றே அவர் திரும்பிவிட்டார். திரும்பாமல் என்ன செய்வார்?

வருவாய்த் துறையினர் வந்து மீட்டார்கள். விசாரணை நடத்தி, இவர்கள் கொத்தடிமைகளாக இருந்தவர்கள் என்று எழுதி, கையெழுத்தும் முத்திரையும் இட்ட விடுவிப்புச் சான்றிதழைக் கொடுத்தார்கள். உடனடி உதவித்தொகையும் வந்தது. அந்த அதிகாரிகளுக்கு இன்றும் நன்றி சொல்வேன். அவர்கள் தங்கள் வேலையைச் செய்தார்கள்.

அதன் பிறகுதான் உங்கள் விதி குறுக்கே வந்தது. வளர்ந்த ஆணுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம், கடத்தப்பட்டோர், பாலியல் சுரண்டலிலிருந்து மீட்கப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், திருநர் ஆகியோருக்கு மூன்று லட்சம் என்று 2016-இல் நீங்கள் அறிவித்த மறுவாழ்வுத் தொகை, கொடுமை செய்தவருக்கு நீதிமன்றம் தண்டனை வழங்குவதோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. தண்டனை விவரம் இல்லை என்பதற்காக முன்மொழிவை நிறுத்தக் கூடாது என்று ஒரு வரியில் சொல்கிறீர்கள். அடுத்த வரியிலேயே, இறுதித் தொகை நீதிமன்ற நடைமுறையின்படி கொத்தடிமைத்தனம் நிரூபிக்கப்பட்ட பிறகுதான் என்கிறீர்கள். கீழே கோப்பை வைத்திருப்பவர் இந்த இரண்டாவது வரியை மட்டுமே படிக்கிறார்.

வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்தப் பெண் கூலியை விட்டுவிட்டு, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்தார். நீதிபதி விடுப்பு, வழக்கறிஞர் வரவில்லை, எதிரி ஆஜராகவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். சென்ற மாதம் தீர்ப்பு வந்தது. சந்தேகத்தின் பலனை அளித்து முதலாளிக்கு விடுதலை. முன்பணக் கணக்கு நோட்டைக் காவல்துறை கைப்பற்றவே இல்லை. மேஸ்திரியைக் கண்டுபிடிக்கவும் இல்லை. தீர்ப்பு நகலோடு அலுவலகத்துக்குப் போனோம். தண்டனை இல்லாததால் மீதித் தொகைக்கு வழியில்லை என்றார்கள். அந்த எழுத்தரின் குரலில் கடுமை இல்லை. விதியைத்தான் சொன்னார்.

இந்தப் பருவத்துக்கு அந்தக் குடும்பம் வேறொரு சூளையில் முன்பணம் வாங்கிவிட்டது.

இதற்காகத்தான் கேட்கிறேன், ஐயா, அம்மா: தண்டனை என்ற நிபந்தனையை மறுவாழ்வுத் தொகையிலிருந்து நீக்குங்கள். விடுவிப்புச் சான்றிதழ் கையில் இருந்தால் முழுத் தொகையும் கிடைக்க வேண்டும்.

நோட்டைக் கைப்பற்றாதது யார் தவறு? படிக்கத் தெரியாத அந்தப் பெண்ணின் தவறா? புலனாய்வு சரியாக நடக்கவில்லை என்றால் புலனாய்வு செய்தவர் பதில் சொல்ல வேண்டும். உங்கள் விதியோ அந்தத் தவறுக்கான விலையை மீட்கப்பட்டவரின் தலையில் கட்டுகிறது. வீடு எரிந்து தெருவில் நிற்பவனிடம், தீ வைத்தவன் சிறைக்குப் போன பிறகு வா, கூரைக்குக் கீற்று தருகிறோம் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இன்னொன்றையும் நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள் என்றே நம்ப விரும்புகிறேன். இந்த விதி முதலாளிகளுக்கு எவ்வளவு உதவுகிறது தெரியுமா? சாட்சிக் கூண்டில் அந்தப் பெண் நின்றபோது, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்ட கேள்வி இது: “இவருக்குத் தண்டனை கிடைத்தால்தானே உனக்கு அரசாங்கப் பணம் வரும்? அதற்காகத்தானே இப்படிச் சொல்கிறாய்?” நடுங்கிப்போய் நின்றார். ஆம் என்றாலும் கெடுதல், இல்லை என்றாலும் பொய். உண்மையைச் சொல்லவந்த சாட்சியைக் கூலிக்குச் சாட்சி சொல்பவராகக் காட்டும் ஆயுதத்தை எதிரியின் கையில் கொடுத்தது உங்கள் அமைச்சகத்தின் வழிகாட்டுதல்தான். தொகை முன்பே கைக்கு வந்திருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

நீதிமன்றத்துக்கு வெளியே நடப்பது அதைவிட மோசம். வழக்கு இழுக்க இழுக்க, முதலாளி தரப்பில் ஆள் வந்துகொண்டே இருக்கும். பள்ளிக்கூடம் திறக்கும் நேரம், வீட்டில் நோய் வந்த நேரம், மழையில் வேலை இல்லாத நேரம் பார்த்து வருவார்கள். ஒரு சிறு தொகையை நீட்டி, சாட்சியை மாற்றிச் சொல் என்பார்கள். அரசு தரும் என்று சொன்ன தொகை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. முதலாளி நீட்டும் பணம் கண்ணெதிரே இருக்கிறது. பலர் பிறழ்சாட்சி ஆவது இப்படித்தான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தண்டனைகள் குறைவாக இருக்கின்றன என்று கருத்தரங்குகளில் கவலைப்படுகிறீர்கள். வயிறு நிரம்பிய சாட்சிதான் நிலைத்து நிற்பார் என்பதை அங்கே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

சட்டம் உங்கள் பக்கம் இல்லை என்பதையும் பணிவோடு சொல்கிறேன். 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, ஒரு கடன் கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பைக் கடன் கொடுத்தவர் மீது வைக்கிறது. 1983-இல், கொத்தடிமைகளின் விடுதலைக்காகப் போராடும் பந்துவா முக்தி மோர்ச்சா என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒருவர் கட்டாய வேலை வாங்கப்பட்டாலே, அது முன்பணத்துக்கு ஈடாக வாங்கப்பட்டது என்றுதான் ஊகிக்க வேண்டும், மறுக்கும் பொறுப்பு எதிர்த்தரப்புக்கு என்றது. மறு ஆண்டு நீரஜா சௌத்ரி வழக்கில், விடுவித்துவிட்டு மறுவாழ்வு தராவிட்டால் வறுமை அவர்களை மீண்டும் அதே அடிமைத்தனத்துக்குள் தள்ளும் என்று எச்சரித்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே நீதிமன்றம் சொன்னதை, இந்தப் பருவத்தில் அந்தக் குடும்பம் வாங்கிய முன்பணத்தில் நான் கண்ணால் பார்க்கிறேன்.

மற்றக் குற்றங்களில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இவ்வளவு கடுமையான நிபந்தனை இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357-அ பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396-ஆவது பிரிவு, வழக்கு விடுதலையில் முடிந்தாலும், குற்றவாளி யாரென்றே தெரியாமல் போனாலும் இழப்பீட்டுக்கு வழி வைத்திருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி நிவாரணத்தில் ஒரு பங்கு முதல் தகவல் அறிக்கையோடும் இன்னொரு பங்கு குற்றப்பத்திரிகையோடும் வருகிறது. செங்கல் சூளையிலிருந்து மீண்டவர் மட்டும் ஏன் தீர்ப்பு நாள்வரை பட்டினி கிடக்க வேண்டும்?

போலிப் பயனாளிகள் வந்துவிடுவார்கள் என்ற அச்சம் உங்களுக்கு இருக்கிறது. அலுவலகங்களில் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். பொதுப்பணம், கவலை நியாயம். ஆனால் விடுவிப்புச் சான்றிதழ் யாரோ எழுதிக் கொடுக்கும் காகிதம் அல்ல. மாவட்ட நிர்வாகம் நேரில் போய், விசாரித்து, தன் பொறுப்பில் எழுதும் முடிவு. அதில் பொய் இருந்தால் சான்றிதழை ரத்து செய்யுங்கள், கொடுத்தவர்மீது நடவடிக்கை எடுங்கள். அரசு தானே எழுதிக் கொடுத்ததை அரசே நம்பாமல், நம்பும்வரை ஏழையைக் காத்திருக்கச் சொல்வது எந்த வகையில் நியாயம்?

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 9 அன்று ஆட்சியர் அலுவலகங்களில் வலக்கையை நீட்டிக் கொத்தடிமை முறை ஒழிப்பு உறுதிமொழி எடுக்கிறார்கள். சட்டம் வந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. அன்று 16-ஆவது பிரிவில் எழுதிய அபராத உச்சவரம்பு இரண்டாயிரம் ரூபாய். இன்றும் அதே இரண்டாயிரம். ஒரு மனிதனின் பல ஆண்டுக்கால உழைப்பை விழுங்கியவருக்கு இது ஒரு தொகையா? 2030-க்குள் 1.84 கோடிக் கொத்தடிமைகளை விடுவிப்போம் என்று 2016-இல் அரசு நாட்டுக்குச் சொன்னது. அந்த ஆண்டு இதோ வந்துகொண்டிருக்கிறது. மனிதக் கடத்தலைத் தடுக்கும் முழுமையான சட்டம் வரும் என்றார்கள். 2018-இல் மக்களவையில் நிறைவேறிய மசோதா மாநிலங்களவையில் எடுத்துக்கொள்ளப்படாமலே காலாவதியானது. 2021-இல் புதிய வரைவு வந்தது, கருத்துக் கேட்டார்கள், அதோடு நின்றுவிட்டது. 2019 ஜூலையில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 இருளர்கள் மீட்கப்பட்டபோது, முதியவர் ஒருவர் அதிகாரியின் காலில் விழுந்து கும்பிட்ட படத்தை நாடே பார்த்தது. அந்தப் படத்தைப் பார்த்து வருந்தாதவர் இல்லை. 2025-இல், தாயின் கடனுக்கு ஈடாக வாத்து மேய்க்கப் பிடித்து வைக்கப்பட்ட ஆந்திரத்து யானாதிப் பழங்குடிச் சிறுவனின் உடலைக் காஞ்சிபுரம் அருகே பாலாற்றங்கரையில் தோண்டி எடுத்தார்கள். அதற்கும் வருந்தினோம். இப்படி எத்தனை முறைதான் வருந்துவது?

கோபத்தில் எல்லை தாண்டிவிட்டேனோ என்னவோ, மன்னிக்க வேண்டும். புதிய சட்டங்களுக்கு நாடாளுமன்றம் வேண்டும், அது உங்கள் கையில் மட்டும் இல்லை என்பது எனக்கும் தெரியும். நான் கேட்பது அப்படிப்பட்டது அல்ல. இது உங்கள் அமைச்சகம் எழுதிய திட்டம். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில், இருபதாயிரமாக இருந்த உடனடி உதவியின் வரம்பை முப்பதாயிரமாக உயர்த்தினீர்கள். அதே பேனாவால் இந்த நிபந்தனையையும் அடித்துவிடலாம். மாவட்டந்தோறும் பத்து லட்சத்துக்குக் குறையாத நிதி ஆட்சியரின் கையில் இருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். பணத்துக்கும் வழி இருக்கிறது.

ஆகவே மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். மறுவாழ்வுத் தொகையைத் தண்டனையிலிருந்து பிரித்துவிடுங்கள். விடுவிப்புச் சான்றிதழ் வழங்கிய நாளிலிருந்து குறிப்பிட்ட காலத்துக்குள் முழுத் தொகையும் மீட்கப்பட்டவரின் வங்கிக் கணக்கில் சேர வேண்டும் என்று எழுத்தில் ஆணையிடுங்கள். ஏற்கெனவே விடுதலையில் முடிந்த வழக்குகளில் நிறுத்தி வைக்கப்பட்ட தொகையையும் வழங்கச் சொல்லுங்கள். அந்த ஆணை மாவட்ட அலுவலகங்களுக்கு அந்தந்த மாநில மொழியில் போய்ச் சேர ஏற்பாடு செய்யுங்கள்.

இந்தச் சூளைப் பருவம் ஜூன் மாதத்தோடு முடிந்துவிடும். மழைக்காலத்துக்கு நான் சொன்ன குடும்பம் ஊருக்குத் திரும்பும். அடுத்த பொங்கலுக்குப் பிறகு மேஸ்திரி மறுபடியும் வருவார். அதற்குள் உங்கள் ஆணை வந்துவிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள். தயவுசெய்து பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
மீட்கப்பட்ட குடும்பங்களோடு வாய்தாவுக்குப் போய்வரும் ஒருத்தி